ரசியா டீச்சரின் சின்ன லென்ஸ்

போன வருடம் பொங்கல் கபடிப் போட்டியில் சோரியாங்குப்பத்துப் பள்ளிப் பெண்கள் முதல் பரிசு வாங்கினார்கள். ஊர் முனையில் பெரிதாக பேனர் வைத்தார்கள். ஆனால் அதில் பெண்கள் ஆடுகிற படம் ஒன்றுகூட இல்லை. பள்ளி அடையாள அட்டையில் இருந்த சின்னச் சின்னப் படங்களை எடுத்து வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அத்தனை முகமும் விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மிஸ் இது, கண்ணீர் அஞ்சலி மாதிரியே இருக்குது?" என்றாள் அணித் தலைவி செல்வகுமாரி. "சைக்கிள்ல போன ஒருத்தர் நின்னு, 'அய்யோ பாவம், இத்தினி புள்ளைங்களும் ஒரே வண்டியிலயா போச்சுங்க'ன்னு கேக்கறாரு."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரசியா டீச்சரும் சிரித்தார். ஆனால் வில்லியனூர் வீட்டுக்குத் திரும்புகிற பேருந்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் குறை அவருடைய கைப்பேசியில்தான் இருந்தது.

ரசியா கணக்கு டீச்சர். பெண்கள் அணி வெளியூர் போனால் கூடவே ஓர் ஆசிரியை போக வேண்டும் என்பது வழக்கம். பயிற்சி கொடுப்பவர் புகழ்வேந்தன் மாஸ்டர். பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழற்றிப் போட்ட செருப்புகளையும் பார்த்துக்கொள்வது டீச்சரின் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படம் எடுப்பார். பையன்கள் ஆட்டத்துக்கு யாராவது கேமராவோடு வந்துவிடுவார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு டீச்சரின் கைப்பேசிதான். அதில் ஓடுகிற பெண்கள் கலர் கலராகப் புகை போல விழுந்தார்கள்.

செல்வகுமாரி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்காக அவள் ஆடும் கடைசிப் பொங்கல் இது. "இந்த வருஷம் நீ ஆடற படம் பேனர்ல வரும்" என்று டீச்சர் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு இறைவனுக்குக் கொடுத்த வாக்கு என்று நினைக்கிறவர் அவர்.

ஆகவே மார்கழியில் ஒரு நாள், கணவர் அக்பர் அலியோடு புதுச்சேரி டவுனில் ஒரு கேமராக் கடைக்குப் போனார். கடைக்காரர் சார்லஸ் பொறுமையானவர். இன்ன கேமரா என்று சொல்வதற்கு முன் "என்ன எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"கபடி. பொண்ணுங்க ஆடறது. சாயந்திரத்துக்கு மேல, லைட்டு போட்டு ஆடுவாங்க."

"அப்ப கேமரா பாடி சாதாரணமா இருந்தாப் போதும் மேடம். லென்ஸுதான் முக்கியம். ஓடற ஆள அசையாம புடிக்கணும்னா ஷட்டர் சட்டுனு மூடிக்கணும். சட்டுனு மூடினா வெளிச்சம் உள்ள வர்றதுக்கு நேரம் இருக்காது. அதனால லென்ஸு வாய் அகலமா இருக்கணும். இத பாருங்க." ஒரு குட்டை லென்ஸை எடுத்து வைத்தார். டம்ளர் உயரம்தான் இருந்தது. "எண்பத்தஞ்சு எம்.எம். ஜூம் கிடையாது. ஆனா கொஞ்ச வெளிச்சத்துலயும் எடுக்கும்."

"கொஞ்ச வெளிச்சமா?" என்றார் அக்பர் அலி.

இங்கேதான் சிக்கல் வந்தது. அக்பர் அலிக்கு வில்லியனூரில் எலக்ட்ரிக்கல் கடை. பாகூர்ப் பக்கத்துப் போட்டிகளுக்கெல்லாம் விளக்குக் கட்டுவது அவர்தான். பொங்கல் போட்டிக்கும் அவரேதான்.

"தம்பி, நான் லைட்டு கட்டினா கிரவுண்டுல ஊசி வுழுந்தா எடுக்கலாம். என் கிரவுண்டப் போயி இருட்டுன்றீங்களே!"

"இருட்டுன்னு சொல்லல சார். நம்ம கண்ணு ஆண்டவன் செஞ்சது. இது கம்பெனி செஞ்சது. கண்ணுக்குப் போதுற வெளிச்சம் இதுக்குப் போதாது."

அக்பர் அலிக்கு மனம் ஆறவில்லை. கண்ணாடி அலமாரியில் ஒரு நீளமான ஜூம் லென்ஸ் இருந்தது. அதைக் காட்டி, "அதக் குடுங்க. கிரவுண்டு அந்தப் பக்கம் நின்னாக்கூட இழுத்துக் காட்டும். கையில வெச்சிருந்தா நாலு பேரு வழி வுடுவான்" என்றார். ரசியா டீச்சருக்குச் சின்னதுதான் சரி என்று உள்ளுக்குள் தோன்றியது. ஆனாலும் கணவரின் விளக்கைக் குறை சொல்வது போல ஆகிவிடுமே என்று பேசாமல் நீள லென்ஸையே வாங்கிக்கொண்டார். அன்பினால் பேசாமல் இருப்பதும் சில நேரம் தவறாகிவிடுகிறது.

அரையிறுதி அன்று டீச்சர் கழுத்தில் கேமராவோடு மைதானத்தில் இறங்கியதும், "டேய், டிவில இருந்து வந்துருக்காங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. உண்மையாகவே வழிவிட்டார்கள். அக்பர் அலி தூரத்திலிருந்து தலையாட்டினார்.

முதல் சில படங்கள் ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. ஷட்டரை வேகமாக வைத்தால் படம் கறுப்பு. மெதுவாக வைத்தால் மறுபடியும் புகை. வேறு வழி தெரியாமல் கேமராவின் தலையில் இருந்த ஃப்ளாஷைத் திறந்துவிட்டார்.

செல்வகுமாரி எதிர்ப்பக்கம் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற நொடி. ஃப்ளாஷ் பளீரென்று அவள் முகத்தில் அடித்தது. ஒரு கணம் கால் தயங்கியது. அந்த ஒரு கணம் போதும். பின்னாலிருந்த பெண் இடுப்பைப் பிடித்து மடக்கிவிட்டாள். நடுவர் அருகில் வந்து, "மேடம், அந்த லைட்டு மட்டும் வேணாம். புள்ளைங்களுக்குக் கண்ணு கூசுது" என்று மெதுவாகச் சொன்னார்.

நல்லவேளையாக ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் டீச்சர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செல்வகுமாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

"மிஸ், லைட்டு கண்ணுல பட்டது நெஜந்தான். ஆனா நான் மாட்னது அதுனால இல்ல. அந்தப் பொண்ணு இன்னா புடி புடிச்சா தெரியுமா? அவ புடிக்கு மதிப்பு குடுக்கணும் மிஸ். எல்லாத்தையும் உங்க லைட்டு மேல போட்டா அவளுக்குப் பாவம்."

தன்னை மடக்கியவளுக்குப் பெருமை சேர்த்து, டீச்சரின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்கினாள் அந்தப் பெண். இப்படி ஒரு பிள்ளைக்கு ஒழுங்கான படம் ஒன்று எடுக்க முடியாமல் போனால் இந்தக் கேமரா எதற்கு என்று டீச்சர் நினைத்தார்.

வீட்டுக்குப் போனதும் அக்பர் அலியே முதலில் வாயைத் திறந்தார். நடந்ததை அவரும் பார்த்திருந்தார்.

"ரசியா, அந்த சின்ன லென்ஸையே வாங்கியிருக்கணும். என் வீம்பு."

"உங்க லைட்டு நல்ல லைட்டுதாங்க. கேமராவுக்குத்தான் கண்ணு பத்தல."

"அந்தக் கடக்காரப் பையனும் அதத்தாம்மா சொன்னான். நாந்தான் காதுல வாங்கல."

மறுநாளே இருவரும் கடைக்குப் போனார்கள். பெட்டி திறந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. சார்லஸ் அதைப் பார்க்கவும் இல்லை, "அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்லவும் இல்லை. நீள லென்ஸை வாங்கித் துடைத்து வைத்துவிட்டு, சின்ன லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கொடுத்தார்.

"கிட்ட தெரியணும்னா நீங்கதான் எழுந்து கிட்ட போகணும் மேடம். கோட்டுக்குப் பின்னால தரையில உக்காந்துக்குங்க. மூஞ்சிய விடாம புடிச்சுக்கிட்டே வாங்க. ஃப்ளாஷ் பக்கம் கையே போகக்கூடாது."

"எங்களால உங்களுக்கு நஷ்டம்பா."

"அது இங்க இருந்தா யாராவது வாங்குவாங்க. உங்க பீரோவுல கெடந்தா யாருக்குப் பிரயோஜனம்?"

அந்த வாரம் முழுவதும் பயிற்சி நடந்தது. டீச்சர் தெருமுனையில் உட்கார்ந்துகொள்வார். அக்பர் அலி தன் டிவிஎஸ் வண்டியில் அவரை நோக்கி வருவார், திரும்பிப் போவார், மறுபடி வருவார்.

"இன்னும் எத்தினி வாட்டிம்மா வரணும்? தெருவுல எல்லாரும் எனக்கு இன்னாமோ ஆயிடிச்சின்னு பாக்கறாங்க."

"சிரிக்காம வாங்க. இப்பதான் மூஞ்சி தெளிவா விழுது."

"நான் சிரிக்கல. வெயிலுக்குக் கண்ணு சுருங்குது."

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அந்தி நேர மஃரிப் தொழுகை முடித்துவிட்டு டீச்சர் மைதானத்துக்குப் போனார். அக்பர் அலி அதற்குள் ஏணியில் ஏறி விளக்குகளின் முகத்தில் படிந்திருந்த தூசியையெல்லாம் துடைத்திருந்தார். யாரும் கேட்டுச் செய்ததல்ல. டீச்சர் நடுவரிடம் அனுமதி கேட்டார். "ஃப்ளாஷ் இல்லன்னா எங்க வேணாலும் உக்காருங்க மேடம்" என்றார் அவர். சோரியாங்குப்பம் அணிக்குப் பின்னால், கோட்டை ஒட்டி டீச்சர் தரையில் உட்கார்ந்தார். பாடிப் போனவள் திரும்பி வரும்போது முகம் இந்தப் பக்கம் இருக்கும்.

ஆறு வருடமாகச் செருப்புகளுக்குக் காவல் இருந்தது வீண்போகவில்லை. ஒவ்வொரு பெண்ணின் பாட்டும் டீச்சருக்குப் பழக்கம். செல்வகுமாரி 'கபடி கபடி' என்று நிதானமாகப் பாடிக்கொண்டே போவாள். பாய்வதற்கு முன் அந்தப் பாட்டு சட்டென்று வேகம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். காதில் விழும்போதே அழுத்த வேண்டும்.

ஆட்டம் இழுபறியாகவே போனது. கடைசிப் பாட்டு செல்வகுமாரியுடையது. அணி இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. ஜெயிக்க வேண்டுமானால் மூன்று பேரையாவது தொட்டுவிட்டு வர வேண்டும். கூட்டம் அடங்கிப் போனது.

டீச்சர் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

பாட்டு நிதானமாகப் போனது. இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். திடீரென்று வேகம் பிடித்தது. டீச்சரின் விரல் அழுந்தியது; விரலை எடுக்கும் வரை கேமரா அடுத்தடுத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. செல்வகுமாரி ஓரத்தில் நின்றவளைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தாள். தொடப்பட்டவளே பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். செல்வகுமாரி விழவில்லை. விழுவதற்குள் முழு உடம்பையும் முன்னால் எறிந்தாள். கை நடுக்கோட்டைத் தொட்டது. நடுவர் விசில் ஊதிவிட்டார்.

கிடைத்தது ஒரு புள்ளி. ஒரே புள்ளியில் தோல்வி.

எதிரணி துள்ளிக் குதித்தது. செல்வகுமாரி மண்ணிலேயே படுத்திருந்தாள். கணுக்காலைப் பிடித்த பெண்தான் முதலில் வந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

டீச்சர் கேமராவின் திரையைப் பார்த்தார். அதில் செல்வகுமாரி தரையைத் தொடாமல், கிடையாக, காற்றில் இருந்தாள். ஒரு கால் எதிரியின் பிடியில். நீண்ட கைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இன்னும் பாடிக்கொண்டிருந்த முகத்தில் வியர்வைத் துளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் கிளம்பிய புழுதி வெளிச்சத்தில் பொன்னிறமாக மிதந்தது.

"என் லைட்டு எப்டி விழுந்துருக்குது பாரு!" என்றார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அக்பர் அலி.

பெண்கள் எல்லாரும் கேமராவைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். "ஏய், பறக்கறடி!" என்று ஒருத்தி கத்தினாள். செல்வகுமாரி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படம் நல்லாருக்குது மிஸ். ஆனா ரெண்டாம் பரிசுக்கு எவன் பேனர் வெப்பான்?" என்றாள்.

அது உண்மைதான். அந்தப் பக்கத்தில் ஜெயித்தவர்களுக்குத்தான் பேனர்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். செல்வகுமாரியின் அப்பா பச்சையப்பன். பொங்கல் சமயம் அவருக்குக் கரும்பு வெட்டு. மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. இன்றும் வெட்டு முடிந்து சட்டையில் கரும்புச் சோகைத் தூசியோடு வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிடுச்சா டீச்சர்?"

டீச்சர் கேமராவை நீட்டினார். பச்சையப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது எம்பொண்ணா டீச்சர்?"

"உங்க பொண்ணுதாங்க."

"கால புடிச்சிட்டாங்களே. அப்பறமும் போறாளே."

"போயி கோட்டத் தொட்டுட்டா. அந்தப் புள்ளி நமக்குத்தான்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தோத்துட்டம்பா" என்றாள்.

"யாரு கேட்டா அத?" என்றார் பச்சையப்பன்.

மறுநாள் காலையில் பாகூரில் பேனர் அடிக்கிற கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கொடுப்பதற்காக டீச்சரும் போயிருந்தார். கம்ப்யூட்டரின் முன் இருந்த கலைவேந்தன், கேட்டதை நம்பாமல் மறுபடி கேட்டான்.

"ரெண்டாம் பரிசுன்னேவா போடறது?"

"ஆமா. பெருசா போடு. டீம்ல இருக்கற எல்லாப் புள்ளைங்க பேரும் கீழ வரணும்."

"சரிண்ணா. உங்க போட்டோ குடுங்க. வாழ்த்துறவங்க படம் இந்த மூலையில வரும். எல்லாரும் வெப்பாங்க."

பச்சையப்பன் திரையைப் பார்த்தார். மகளின் நீட்டிய கை அந்த மூலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எம்மூஞ்சி இன்னாத்துக்கு?" என்றார். "புள்ள பாயறா. எடம் வுடு."