ரேஷன் கார்டில் இருந்த பெயர்

திண்டிவனத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். பரிசு வாங்கிய நாவலாசிரியர் ஆதிநாராயணன் என்று கேள்விப்பட்டிருந்தால், அது நான்தான். நாவலை எழுதியது மட்டும் நான் இல்லை. விழுப்புரத்தில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். இளித்துக்கொண்டு நின்ற என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

எழுதியவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த அஞ்சம்மாள். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் கணவரின் கதையை இரண்டு நோட்டு நிறைய எழுதி, டைப் அடிக்கக் கொண்டுவந்தார். கணவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் வெறும் கோடு.

"வீட்டுக்காரரு பேர நான் சொல்றதில்ல சார், எழுதவும் கை வரல. உள்ள ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கீது, பாத்து நீங்களே போட்டுடுங்க" என்றார்.

இந்தக் காலத்திலுமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு வருஷம் ஆளே வரவில்லை, போனும் போகவில்லை. புத்தி கெட்டுப்போய், ஒரு பதிப்பகத்துப் போட்டிக்கு என் பெயரில் அனுப்பினேன். ஜெராக்ஸைத் தொலைத்திருந்ததால் கோடுகளில் செழியன் என்று போட்டேன். பரிசும் வந்தது, புத்தகமும் வெளிவந்தது. இப்போது அலெக்ஸ் என்ற டைரக்டர் படமாக எடுக்கிறார்.

போன வாரம் அஞ்சம்மாள் கடைக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், போனும் தொலைந்துவிட்டதாம். மகள்தான் காலேஜ் லைப்ரரியில் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன்.

"உங்க பேரே இருந்துட்டுப் போவுது சார். அவரு ஒடம்பு கூட கெடைக்கல. பொதச்ச எடம்னு ஒண்ணு இருந்தா அங்க பேர் எழுதி வெச்சிருப்பேன். புஸ்தகத்துலயாச்சும் இருக்கட்டும்னுதான் ரெண்டு வருஷமா குந்திக்கினு எழுதினேன். நீங்க யாரோ செழியன்னு போட்டுட்டீங்க. படத்துலயாச்சும் அவரு பேர வெக்கச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். இதற்கு என்ன செய்வது? வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பழைய ரேஷன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்பாதுரை" என்று வாய்விட்டுப் படித்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் எதிரிலேயே அலெக்ஸுக்குப் போன் போட்டு, ஹீரோ பெயரை அப்பாதுரை என்று மாற்றச் சொன்னேன்.

"செழியன் நல்லாத்தான சார் இருக்கு. யாரு அப்பாதுரை, உங்க சொந்தக்காரரா?"

ஆமாம் என்றால் போதும். அஞ்சம்மாள் கேட்டதும் கிடைத்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, கார்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன். "கதைய எழுதினவங்களோட வீட்டுக்காரர்."