அப்பாவைத் தடுத்த படலம்

தம்பி கொண்டுவந்த படலம் அவ்வளவு மெல்லியது. அதைச் சோதனைக்கூட மேசையில் விரித்தபோது பக்கத்தில் நின்ற கணக்கர் ஒரு கொட்டாவி விட்டார். அரை மணி நேரம் எல்லோரும் தேடி, கடைசியில் அவருடைய மூக்குக் கண்ணாடியிலிருந்து அதை உரித்தெடுத்தார்கள். உலகம் திடீரென்று கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று மட்டும்தான் அவர் நினைத்தாராம்.

பிளாஸ்டிக் தாளின் ஒரு பக்கத்தில் வெள்ளியை ஆவியாகப் படியவிட்டுச் செய்தது அது. வானொலி, கைபேசி என்று எந்த அலையும் அதைத் தாண்டக் கூடாது. நான்கு மணிக்கு மருத்துவக் கருவி செய்யும் கம்பெனிக்காரர் வருகிறார். அறுபது டெசிபல் தடுத்தால் ஆர்டர் தம்பிக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அளந்து சொல்ல வேண்டியவள் அக்கா. சோதனைக்கூடத்தில் அவள் பெயர் 'தராசு'. ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பதை அறுபது என்று எழுதச் சொன்ன மேலாளரை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தியவள். கூடப் பிறந்தவன் என்றதும் இன்னும் கறாராகிவிட்டாள்.

முறை எளிது. இரும்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதில் படலத்தை வைத்து, பிளாஸ்டிக் சட்டத்தால் அழுத்தித் திருக வேண்டும். வெளியிலிருந்து அலையை அனுப்பி, படலம் இல்லாதபோது எவ்வளவு உள்ளே போனது, இருந்தபோது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு: கைபேசியை உள்ளே வைத்து மூடிவிட்டு யாரையாவது அழைக்கச் சொல்வார்கள்.

அன்று யாரிடமும் சொல்லத் தேவைப்படவில்லை. தம்பியின் கைபேசி உள்ளே போனது. என்னாச்சு என்று கேட்க அப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டிருந்தார். 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்ற குரலை அவர் ஆயுளில் கேட்டதில்லை. லிஃப்டில் பிடிப்பார், சுரங்கப்பாதையில் பிடிப்பார். ஒருமுறை பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தபோதே பிடித்தார் என்று தம்பி சத்தியம் செய்வான்.

பெட்டி கணீரென்று ஒலித்தது. அலையை அளக்கும் கருவியும் பதினெட்டு டெசிபல்தான் என்றது.

"அக்கா, படலத்து மேல தப்பில்ல. கூப்பிட்டது அப்பா."

"அப்பாவுக்குக் கழிக்க படிவத்துல இடமில்லடா."

தம்பி நாற்காலியில் சரிந்தான். மணி மூன்றரை. எண்ணை மாற்ற அவளுக்கு மனம் வராது. அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. மின்தொடர்பு பார்க்கும் மீட்டரை எடுத்தாள். ஒரு முனையைப் பெட்டியின் விளிம்பிலும் மறுமுனையைப் படலத்திலும் வைத்தாள். இரண்டும் ஒட்டியிருந்தால் மீட்டர் கீச்சிடும். அது வாயே திறக்கவில்லை.

"பூச்சு எந்தப் பக்கம்டா?"

"இந்தப் பக்கம். இல்ல... அந்தப் பக்கம்." செய்தவனுக்கே தெரியவில்லை. இரு பக்கமும் ஒரே பளபளப்பு.

பிளாஸ்டிக் பக்கம் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் வெள்ளிக்கும் இரும்புக்கும் நடுவே ஜன்னலைச் சுற்றி முடியளவு இடுக்கு. அலைக்கு அகலமான வாசல் வேண்டாம். நீளமான இடுக்கு கிடைத்தால் குடும்பத்தோடு உள்ளே வந்துவிடும்.

கணக்கரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படலத்தைத் திருப்பிப் போட்டார்கள். பெட்டிக்குள்ளிருந்து தொட்டதும் மீட்டர் கீச்சிட்டது. அலையை அனுப்பினாள்: அறுபத்திரண்டு புள்ளி மூன்று. அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அப்படியே எழுதினாள். பத்து நிமிடம் போனது, பன்னிரண்டு போனது. பெட்டி மூச்சுவிடவில்லை. அந்த அமைதியில்தான் தம்பிக்கு உயிர் வந்தது.

அப்போது மேசையில் இருந்த கம்பித் தொலைபேசி அடித்தது.

"ஏம்மா, அவன் எடுக்கவே மாட்டேங்கிறான். படலம் தோத்துப்போச்சா?"

"இல்லப்பா. நீங்கதான் தோத்துட்டீங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார். "மணி நாலாகலயே, அவன் போனுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"