பியானோவின் வயிற்றில் எரிந்த விளக்கு

திருகோணமலையில் பியானோ வைத்திருந்தவர்கள் எல்லோரும் மாரி வந்தால் ஒரு காரியம் செய்வார்கள். வாடைக்காற்று உப்பையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரத் தொடங்கியதும், பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு எரியவிடுவார்கள். அந்தக் கொஞ்சச் சூடு இல்லாவிட்டால் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், அழுத்திய கட்டை எழும்பாமல் கிடக்கும். வாசிக்கும்போது விளக்கை அணைப்பார்கள், முடிந்ததும் போடுவார்கள். வெளியாட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களிடம் பியானோ இல்லை.

ஐவி மிஸ்ஸின் பியானோவுக்குள்ளும் அப்படி ஒரு விளக்கு எரிந்தது. ஐவி மிஸ்ஸைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் சங்கீதப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். இளம் வயதில் கொழும்பில் மேடையேறி வெள்ளைக்காரர் கையால் பூச்செண்டு வாங்கியவள். அவள் கையைத் தூக்கினால் நாற்பது பெட்டைகள் மூச்சுவிட மறந்து நிற்பார்கள். கலியாணம் செய்யவில்லை, அதற்கு நேரம் இருக்கவில்லை என்று அவளே சொல்லுவாள்.

ஐவி கையை அசைக்கும்போதெல்லாம் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பியானோவில் இருப்பவள் அவளுடைய தங்கை எல்சி. உள்ளதைச் சொன்னால் வாசிப்பில் எல்சியே கெட்டிக்காரி. அது ஐவிக்கும் தெரியும், எல்சிக்கும் தெரியும், ஆகையால் இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஒருமுறை கொழும்பு வானொலியில் வாசிக்க எல்சியைக் கூப்பிட்டார்கள். "நீ போனா என்ர குழுவுக்கு ஆர் வாசிக்கிறது?" என்று ஐவி கேட்டாள். எல்சி போகவில்லை. ஆங்கிலேயக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஓர் அதிகாரியின் மனைவி விற்றுவிட்டுப் போன பியானோ அது. அக்கா தங்கை இரண்டு பேருடைய சீதனமும் அந்தப் பெட்டிக்குள்தான் போயிற்று.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மார்கழியில் மூதூர்ப் பங்குக் கோவிலிலிருந்து கிறிஸ்மஸ் பாட்டுக்கு அழைப்பு வந்தது. கொட்டியாரக்குடாவைத் தாண்டி லோஞ்சில் போய்ப் பாட வேண்டும். பியானோவைக் கொண்டுபோக முடியாது, அங்கே ஆர்மோனியம் இருந்தது. போகிற நாள் காலையில் எல்சிக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. கொன்வென்டில் பியானோ நின்ற சங்கீத அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் சகோதரிகள் குடியிருந்தார்கள். ஐவி அவளுக்குக் குளிசை கொடுத்துப் படுக்க வைத்தாள். எல்சி அடித்துப்போட்டதுபோல் உறங்கிப்போனாள்.

அன்று மத்தியானம் ஐவிக்கு ஆயிரம் வேலை. அலுமாரியைத் திறந்தபோது பாட்டுத்தாள்களில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பல வருடமாக எல்சி தன் கையால் பிரதி பண்ணிய தாள்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சக் கட்டைக் கொஞ்சநேரம் காயட்டும் என்று பியானோவுக்குள் விளக்கின் அருகில் வைத்தாள். முதல்நாள் பழைய சின்ன பல்ப் செத்துப்போனதால், விறாந்தையில் எரிந்த பெரிய பல்பைக் கழற்றி அங்கே போட்டிருந்தாள். போகுமுன் தாள்களை எடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு பெட்டைகள் வந்தார்கள், ஒருத்தியின் சப்பாத்து அறுந்தது, இன்னொருத்தி அழுதாள், லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. ஐவி கதவை இழுத்து ஆமைப்பூட்டைப் போட்டுத் திறப்பைக் கைப்பைக்குள் வைத்தாள். சங்கீத அறையைப் பூட்டாமல் அவள் எங்கேயும் போனதில்லை. பூட்டாவிட்டால் சின்னப்பிள்ளைகள் உள்ளே போய்ப் பியானோவைத் தட்டி உடைத்துவிடும். பின்னறைக்கும் அந்த ஒரு கதவுதான் வழி என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பழக்கம், கை தானாகப் பூட்டியது.

லோஞ்ச் துறைமுகத்தைத் தாண்டிக் குடாவுக்குள் இறங்கியதும் ஆடத் தொடங்கிற்று. மழைச்சாரல் பக்கவாட்டில் அடித்தது. பெட்டைகள் பயத்தை மறைக்கப் பாடிப் பார்த்தார்கள், சுருதி கடலோடு மேலும் கீழும் போனது. குழுவில் மூத்தவளான புஸ்பராணி தள்ளாடிக்கொண்டு ஐவியிடம் வந்தாள்.

"மிஸ், பாட்டுத்தாள் எல்லாம் நனைஞ்சு போச்சு. மூதூரில எங்கையாவது காய வைப்பமா?"

"காய வைப்பம்" என்று ஐவி வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை.

தாள்கள், பெரிய பல்ப், பூட்டு, எல்சி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கைப்பைக்குள் கையை விட்டாள். திறப்பு குளிர்ந்துபோய்க் கிடந்தது.

எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து, சுக்கான் பிடித்திருந்த, எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஸஹாப்தீனிடம் போனாள்.

"ஸஹாப்தீன் காக்கா, லோஞ்சைத் திருப்புங்கோ."

"என்ன மிஸ் கதைக்கிறீங்க? இந்தக் கடலில திருப்பினா அலை பள்ளையில வந்து அடிச்சுக் கவிழ்த்துப் போடும். இவ்வளவு பிள்ளையள் இருக்காங்க. ஏலாது."

"என்ர தங்கச்சியை உள்ள வச்சுப் பூட்டிப்போட்டு வந்திட்டன். உள்ளுக்கு நெருப்புப் பிடிக்கப் போகுது. திறப்பு என்னட்ட இருக்கு."

ஸஹாப்தீன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் பின்னால் இருந்த பெட்டைகளைப் பார்த்தார்.

"அல்லாஹ் காப்பாத்துவான் மிஸ். மூதூர் இப்ப கிட்ட. இறங்கின உடனே தபால் கந்தோருக்குப் போங்க. முனாப் போஸ்ட்மாஸ்டர் டெலிபோன் எடுத்துத் தருவாரு. நான் வேகமா விடுறன், அதுக்கு மேல என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

ஐவி திரும்பி வந்து பலகையில் இருந்தாள். செபமாலையை எடுத்தாள், விரல்கள் மணியில் நிற்கவில்லை. தாள் முதலில் ஓரத்தில் கருகும், பிறகு சுருளும் என்று மனம் காட்டிக்கொண்டே போனது. பிறகு தீ சுத்தியல்களின் கம்பளியில் பிடிக்கும். கம்பளி பிடித்தால் போயிற்று, சூட்டில் மேல்சுரக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும், அவ்வளவு நல்ல கம்பிகள். 'சீ, எல்சி உள்ளுக்குக் கிடக்கிறாள்' என்று தன்னையே கடிந்துகொண்டாள். எல்சிக்காகச் செபித்தாள். பாதியில் மனம் மறுபடி நழுவிப் பியானோவுக்குப் போனது. அதைப் பிடித்து இழுத்துவந்து எல்சியிடம் விட்டாள். மறுபடியும் போனது. நெருப்புக்குப் பயந்தவள் இப்போது தன் மனதுக்கும் பயப்பட வேண்டியதாயிற்று.

கரையில் கோவில்காரர்கள் மாலையோடு நின்றார்கள். பக்கத்து ஊரான கட்டைபறிச்சானிலிருந்துகூடச் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஐவி மாலைக்குக் குனியவில்லை. "புஸ்பராணி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தபால் கந்தோர்ப் பக்கம் ஓடினாள். ஐவி மிஸ் ஓடி அந்த ஊர் கண்டதில்லை. எந்த ஊரும் கண்டதில்லை.

போஸ்ட்மாஸ்டர் முனாப் கந்தோரைப் பூட்டப்போன நேரம். அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டவர் ஒரு கேள்வியும் கேட்காமல் டெலிபோனைச் சுற்றினார். திருகோணமலை கிடைக்கவில்லை. மறுபடி சுற்றினார். காற்றுக்குக் கம்பி எங்கோ அறுந்திருக்கலாம் என்றார். ஐவி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்சி கதவைத் தட்டும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இல்லாத சத்தம்தான், ஆனால் கேட்டது.

"கிடைச்சிட்டுது" என்று முனாப் ரிசீவரை நீட்டினார்.

மறுமுனையில் கொன்வென்ட் காவற்காரன் ஹெக்டரின் குரல் இரைச்சலுக்குள் வந்தது.

"ஆர் கதைக்கிறது?"

"ஹெக்டர், நான் ஐவி மிஸ்."

"ஐயோ மிஸ், உங்கட சங்கீத அறையில நெருப்பு..." இரைச்சல் குரலை விழுங்கிற்று. "...பொறுங்கோ மிஸ், பொறுங்கோ, வைக்காதேங்கோ."

கதிரை நகர்ந்தது, யாரோ நடந்தார்கள். பிறகு ரிசீவருக்குள் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்து நின்றது. யாருடைய மூச்சென்று ஐவிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும்வரை பொறுக்கவும் அவளால் முடியவில்லை. வழிநெடுக அடக்கி வைத்த பயம் முழுவதும் ஒரே சொல்லாக வாயால் வந்து விழுந்தது.

"பியானோ? பியானோவுக்கு என்ன?"

மூச்சு நின்றது. கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பியானோவுக்கு ஒண்டுமில்லை அக்கா" என்றாள் எல்சி.

ஐவி கதிரையில் இருந்துவிட்டாள். சொன்ன சொல்லை அள்ளி வாய்க்குள் போட்டுக்கொள்ள ஒரு வழி இருந்திருந்தால் அதற்காக எதையும் கொடுத்திருப்பாள்.

"எல்சி... உனக்கு? உனக்கு என்னடி?"

"எனக்கும் ஒண்டுமில்லை. பிள்ளையள் காத்துக்கொண்டு நிப்பினம். நீங்கள் போய்ப் பாட்டை நடத்துங்கோ."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஐவி பிழைத்திருப்பாள். ரிசீவர் இடம் மாறும் சத்தம் கேட்டது. மறுபடி ஹெக்டர் வந்தான். இம்முறை அவன் வாயை ரிசீவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கதைத்தான்.

"மிஸ், சொல்ல வேண்டாம் எண்டு தலையை ஆட்டுறா. என்னால சொல்லாம விட ஏலாது. புகையைக் கண்டு நாங்கள் பூட்டை உடைச்சு உள்ளுக்குப் போறதுக்கிடையில, எரிஞ்ச தாள் முழுக்க அவ கையால அள்ளி வெளியில இழுத்துப் போட்டிட்டா. பியானோவில பிடிக்கக்கூடாதெண்டு. ஜன்னலடியில நிண்டு கத்தியிருந்தாலே நாங்கள் வந்திருப்பம், அவ பியானோவை விட்டுப்போட்டு வரேல்லை. சிஸ்டர் ரெண்டு கையிலயும் மருந்து போட்டுக் கட்டியிருக்கிறா. விரல் எல்லாம் வெந்துபோச்சு மிஸ். டொக்டர் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை. இப்பவும் ரிசீவரை நான்தான் அவவின்ர காதில பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அதோடு கம்பி அறுந்தது. முனாப் இன்னும் பல தடவை சுற்றிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"மிஸ், ஆளுக்கு ஒண்டும் இல்லத்தானே?" என்று அவர் கேட்டார்.

ஐவி நன்றி சொல்லவும் மறந்து வெளியே இறங்கினாள். கடற்கரைக்குப் போனாள். ஸஹாப்தீன் லோஞ்சை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கடலைக் காட்டித் தலையை அசைத்தார், விடிந்தால்தான் போகலாம் என்றார். குடாவின் மறுகரை மழைக்குள் மறைந்திருந்தது. விடியும்வரை அவள் இங்கேதான் இருந்தாக வேண்டும். விடிந்தால் அங்கே போயாக வேண்டும். இரண்டில் எது கூடப் பயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் தங்கைக்கு ஒரு மேடை கொடுத்திருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். எரிகிற அறைக்குள் நின்றுகொண்டும் அக்காவுக்கு எது பெரிதென்று எல்சிக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஒரு கணமும் யோசிக்காமல் நெருப்புக்குள் கையை விட்டிருக்கிறாள். தான் டெலிபோனில் கேட்ட முதல் கேள்வி எல்சிக்குப் புதிதாகவே இருந்திராது.

கோவில்காரர் ஒருவர் குடையோடு வந்து, சனம் காத்திருக்கிறது என்று மரியாதையாக நினைவூட்டினார். ஐவி அவர் பின்னால் நடந்தாள்.

மண்டபத்தில் சனம் கதவுவரை நின்றது. பெட்டைகள் நனைந்த தலையைத் துடைத்து, வரிசை வரிசையாக நின்றார்கள். உள்ளூர்ப் பாட்டுக்காரர் ஒருவர் ஆர்மோனியத்தின் முன்னால் தயாராக இருந்தார். எல்சி இருக்க வேண்டிய பக்கத்தை ஐவி பார்க்கவில்லை. நேரே போய்ப் பிள்ளைகளின் முன்னால் நின்று, எப்போதும்போல இரண்டு கைகளையும் தூக்கினாள். மண்டபம் அடங்கியது.

முன்வரிசையில் நின்ற புஸ்பராணி அவள் முகத்தைப் பார்த்தாள். லோஞ்சில் நடந்த கதை அரைகுறையாக அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பாட்டுக்கு முன் வாய் திறக்கக்கூடாது என்ற சட்டத்தை மீறி, உதடு அசையாமல் மெல்லக் கேட்டாள்.

"மிஸ், எல்சி மிஸ் எப்பிடி இருக்கிறா?"

ஐவியின் கைகள் மேலேயே நின்றன. பத்து விரல்களும் ஒரு குறையும் இல்லாமல், சபை முழுவதும் பார்க்க, விரிந்து நின்றன.