மேக்ஃபைலில் ஒரு கோடு

அடித்தளத்துப் படியில் இறங்கும்போதே பார்கவிக்குக் குமட்டியது. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அத்திபெலே பக்கம் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொத்தக் கழிவுநீரும் இங்கேதான் வந்து தேங்கிச் சுத்தமாகிறது. தொட்டி மோட்டார்களை இயக்கும் கருவி, லிங்கராஜபுரத்தில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி செய்து கொடுத்தது. கருவிக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதியவள் அவள். அதைக் கம்பைல் செய்து, அதாவது சிப்புக்குப் புரியும்படி மாற்றி, அதில் ஏற்றி அனுப்பியவர் சீனியர் நாகேஷ். அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பச்சைமுத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வீங்கிய மணிக்கட்டில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"கிளர்ற மோட்டார்ல துணி சிக்கிக்கிச்சு மேடம். மெயின்டனன்ஸ் ஸ்விட்ச்சப் போட்டுட்டுதான் கம்பிய உட்டு இழுத்தேன். அதப் போட்டா மோட்டார் ஓடாதுன்னு நீங்கதான ஃபோன்ல சொன்னீங்க? படக்குனு ஓடிச்சு. கம்பி கையில அடிச்சிட்டு உள்ள பூடுச்சு. இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருந்தா நான் பூட்டிருப்பேன்."

சொன்னது அவள்தான். அந்த ஸ்விட்ச்சுக்கான வரிகளைப் போன மாதம் எழுதி, ஆபீஸிலிருந்த சோதனை போர்டில் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

நாகேஷ் அவள் காதோரம் குனிந்தார். "ஸ்விட்ச்ச முழுசாத் திருப்பலன்னு சொல்லிடலாம். இவருக்கு என்ன தெரியப்போவுது?"

அவர் வாயிலிருந்து பாக்கு வாசனை வந்தது. பார்கவி விலகி நின்றாள்.

"நீங்க கம்பைல் பண்ண ஃபோல்டரக் குடுங்க."

"எதுக்கு? சும்னே டென்ஷன் ஆகாத," என்றார் கன்னடம் கலந்து.

"குடுங்க சார்."

அவர் பென் டிரைவை நீட்டினார். பார்கவி ஒரு பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். கறுப்புத் திரையில் 'make' என்று அடித்தாள். எதை எந்த வரிசையில் கம்பைல் செய்து சிப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் மேக்ஃபைல் என்ற கோப்பில் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாம் தானே நடக்கும். வரிகள் சரசரவென்று ஓடின. கடைசியில் 'BUILD OK' என்று பளிச்சென்று வந்து நின்றது.

அவள் மெதுவாக மேலே நகர்த்திப் பார்த்தாள். நடுவில் பிழைச் செய்தி இருந்தது. ஆபீஸ் போர்டில் இருந்தது அல்ல, இந்தக் கருவியில் வேறு சிப். அவள் எழுதிய ஸ்விட்ச் வரியிலிருந்த பின்னின், அதாவது ஸ்விட்ச் இணையும் சிப்புக் காலின், பெயர் இதில் இல்லை. கம்பைல் ஆகவே இல்லை. ஆனாலும் மேக் நிற்காமல் ஓடி, ஃபோல்டரில் கிடந்த, ஸ்விட்ச் வரிகள் இல்லாத பழைய புரோகிராமை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மேக்ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு சின்னக் கோடு. பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று அதற்குப் பொருள். 'BUILD OK' என்பது, என்ன நடந்தாலும் அச்சாகும்படி நாகேஷ் கையால் எழுதிய வரி.

"இது என்ன சார்?"

"எரர்ல நின்னுட்டா டிஸ்பேட்ச் நின்னுடும். அப்புறம் பாத்துக்கலாம்னு போட்டேன்." அவர் சிரித்தார். "எல்லாரும் பண்றதுதான்."

பார்கவிக்கு வாயில் புளிப்பாக எச்சில் ஊறியது. சுவரோரம் போய்க் குனிந்தாள். காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. பச்சைமுத்து எழுந்து குழாயைத் திறந்துவிட்டார்.

"நாத்தம் மொதல்ல அப்பிடித்தான் இருக்கும் மேடம்."

அவள் வாயைக் கழுவிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "நீங்க ஸ்விட்ச்ச சரியாத்தான் போட்டீங்கண்ணா. நாங்கதான் பழைய புரோகிராமப் போட்டு அனுப்பிட்டோம். தப்பு எங்க மேல."

"பார்கவி!" என்றார் நாகேஷ்.

அவள் திரும்பவில்லை. கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மறுபடி 'make' அடித்தாள். இந்தத் தடவை பிழை வந்த இடத்திலேயே நின்றது. பின்னின் பெயரைத் திருத்தினாள், கம்பைல் ஆயிற்று. சிப்பில் ஏற்றி, ஸ்விட்ச்சைப் போட்டு, பச்சைமுத்துவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மோட்டாரின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஓடவில்லை.

"மத்த அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம். இப்ப யாருக்கும் சொல்லாத," என்றார் நாகேஷ்.

அவள் கார் நிறுத்துமிடத்துக்கு ஏறி வந்து, கருவி போன ஒவ்வோர் இடத்துக்கும் தானே ஃபோன் செய்தாள். மெயின் கரண்டை அணைக்காமல் யாரும் தொட்டியில் கை வைக்க வேண்டாம் என்றாள். சாயங்காலத்துக்குள் முதலாளி சண்முகத்துக்கு ஏகப்பட்ட அழைப்புகள். அவர் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். பிறகு எல்லாக் கருவிகளையும் திருத்த ஆள் அனுப்பினார். நாகேஷை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் நாகேஷ் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். "அந்தக் கோட்டத் திரும்பப் போட்டுடு. எதுக்கெடுத்தாலும் எரர்னு நிக்குது, வேல ஓடல," என்றபடி அவள் டப்பாவிலிருந்த எலுமிச்சை ஊறுகாயை விரலால் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"போட மாட்டேன்," என்றாள் பார்கவி. சாப்பாட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.