சுல்பாவின் பை

எத்தாளைக் கரையிலிருந்து நடக்கத் தொடங்கிய முதல் நாள் மதியம் லுஹருக்கே சுல்பா பொய் சொல்லிவிட்டாள். பாங்கு கேட்டதும் மற்ற மூவரும் கிணற்றடிக்குப் போனார்கள். இவள் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குத் தொழுகையில்ல" என்றாள். மாதத்தின் அந்த நாட்களில் பெண்கள் சொல்கிற வார்த்தை அது. சொன்னால் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அதை நம்பித்தான் சொன்னாள்.

அவளுக்கு அந்த நாள் வரவேயில்லை. மூத்திரம் நிற்பதில்லை, அதுதான் விஷயம். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒன்பது வருடமாக இந்தக் கரைச்சல். இருமினால் போகும், தும்மினால் போகும், சிரித்தால் சொல்லவே வேண்டாம். அதனால் சிரிப்பதையே விட்டுவிட்டாள். ஊர் சும்மா இருக்குமா? புருஷன் நளீர் கட்டாரில் உழைக்கிறான், அந்தப் பெருமையில் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டது.

வீட்டில் அவளுக்கு ஒரு நேரத் தொழுகை தவறியதில்லை. இப்படியான வருத்தக்காரருக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. நேரம் வந்ததும் கழுவி, பேட் மாற்றி, முகம் கை கால் அலம்பி வுழூ எடுத்து, சுணங்காமல் தொழுதுவிட வேண்டியது. நடுவில் சொட்டினாலும் தொழுகை நிறைவேறும். கதவைச் சாத்திக்கொண்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? இங்கே நாலு பேருக்கும் ஒரே கிணறு, ஒரே பாய். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவளுக்கு வாடை அடித்துவிட்டால்? மனிசருடைய மூக்குக்குப் பயந்து அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்காமல் இருந்துவிட்டாள். லுஹர் போனது, அஸர் போனது, மஃரிபும் இஷாவும் போயின. நுரைச்சோலையில் தங்கிய வீட்டில் சுபஹுக்கு எல்லாரும் எழும்பியபோது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தாள். அப்போது அவளுக்கு வந்த வெட்கம், பேட் நனைவதால் வரும் வெட்கத்தைவிடப் பொல்லாதது.

இந்த நடைக்குக் காரணம் றஹ்மா டீச்சர். கிளினிக்கில் சீனி வருத்தக்காரரையெல்லாம் நடக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வீட்டு வளவைச் சுற்றி நடந்தார்கள். டீச்சர் பென்ஷன் எடுத்த கையோடு, முந்தல் மட்டுக்கும் மூன்று நாள் கடற்கரையால் நடப்போம் என்று கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக் கமறியா ராத்தா சேர்ந்தாள். டீச்சருடைய தம்பி மகள், கெம்பஸில் படிக்கிற ரிஃப்காவும் சேர்ந்தாள். கலியாணம், சுற்றுலா எல்லாவற்றுக்கும் சாட்டுச் சொல்லி வீட்டுக்குள் கிடந்து சுல்பாவுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் போய் வருவோம் என்று ஆசைப்பட்டாள். டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். "அவங்கவங்க சாமான் அவங்கவங்க முதுகில. யாரும் யாருக்கும் சுமக்கிறதில்ல."

சுல்பாவின் பையில் உடுப்பு இரண்டுதான். மிச்சமெல்லாம் பெரியவர்களுக்கான பேட், துவாய்க்குள் சுற்றி அடியில் அடுக்கியது. தண்ணீரைக் குறைத்துக் குடித்தாள். அது எரிச்சலையும் வாடையையும் கூட்டியதுதான் மிச்சம். பாவித்ததைக் கடலில் எறிய மனம் வரவில்லை. மண்ணில் புதைத்தால் நாய் தோண்டும். பேப்பரில் சுற்றி, இரண்டு கறுப்பு ஷொப்பிங் பேக் போட்டு இறுக்கிக் கட்டி, திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தாள்.

இரண்டாம் நாள் காலை கமறியா ராத்தா அந்தப் பையைத் தற்செயலாகத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"எங்கட பையெல்லாம் திண்டு திண்டு காலியாகுது. உன்ட பை மட்டும் மாசமா இருக்கா புள்ள? நாளுக்கு நாள் கனக்குதே!"

ரிஃப்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சுல்பா பல்லைக் கடித்துக்கொண்டு பையைப் பறித்தாள்.

காற்றாலைகளைத் தாண்டி ஒரு மணித்தியாலம் நடந்திருப்பார்கள். ரிஃப்கா மெல்லப் பின்தங்கி வந்து சுல்பாவின் கையைப் பிடித்தாள்.

"சாச்சி, ஒரு பேட் தாங்களே. எனக்கு நாள் முந்தி வந்திட்டுது. ஒண்டும் கொண்டுவரல்ல."

வேறு யாரிடம் கேட்பாள்? மற்ற இரண்டு பேரும் அதெல்லாம் நின்ற வயது. தொழுகையில்லை என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் சுல்பாதானே.

சுல்பா பையின் பட்டியை இறுக்கிப் பிடித்தாள். எடுத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும். "முடிஞ்சு போச்சு மகள்" என்றாள்.

"பரவாயில்ல சாச்சி" என்றாள் ரிஃப்கா. அவள் நம்பிவிட்டது சுல்பாவைக் குத்தியது. முதுகில் பன்னிரண்டு பேட் இருந்தன.

முன்னால் பாட்டுப் பாடிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது முப்பது ஆம்பிளைகள். கரையெல்லாம் கயிறு. சுற்றிப்போக ஒரு பக்கம் தாழம்பற்றை, மறுபக்கம் கடல். அவர்களுக்கு நடுவால்தான் போக வேண்டும். ரிஃப்கா போட்டிருந்தது சாம்பல் நிற அபாயா. பையைக் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தாள், ஷோலை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். அதற்கு முன்பே கறை பட்டுவிட்டது. கிட்டப் போனதும் வலைக்காரரின் பாட்டு நின்றது. அவர்கள் பை சுமந்த பெண்களை அதிசயமாகப் பார்த்தார்களோ என்னவோ. ரிஃப்காவுக்கு அது தன்னுடைய அபாயாவைப் பார்த்து நின்றதாகத்தான் பட்டது. காலையில் அவ்வளவு சிரித்த பிள்ளை, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தாள். கண்ணீர் வழிய வழிய நடந்தாள்.

அந்த நடை சுல்பாவுக்குத் தெரிந்த நடை. ஒன்பது வருடமாக அவள் நடக்கிற நடை. அதை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேனே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வலைக்காரரைக் கடந்ததும் ரிஃப்காவின் கையைப் பிடித்துத் தாழம்பற்றைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ரிஃப்கா அதைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"இது மூத்திரத்துக்குப் போடுறது" என்றாள் சுல்பா. "எனக்கு நிக்கிறதில்ல. உனக்குப் பொய் சொல்லிட்டன். மன்னிச்சிக்க மகள்."

வாய்விட்டு யாரிடமும் சொல்லாத சொல். நளீரிடம்கூடச் சொன்னதில்லை. ரிஃப்கா அதை வாங்கிக்கொண்டு மறைவுக்குப் போனாள். உடுப்பு மாற்றித் திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்திருந்தாள்.

"சாச்சி, இதைப் போட்டுக்கிட்டுக் கொழும்பு மட்டுக்கும் நடக்கலாம்."

சுல்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், நனைந்தாள்.

லுஹருக்கு ஒரு தென்னந்தோட்டத்துக் கிணற்றடியில் நின்றார்கள். டீச்சரும் கமறியா ராத்தாவும் பாயை விரித்தார்கள். சுல்பா வழக்கம்போல் பைகளிடம் போனாள். அங்கே ரிஃப்கா முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஏன் இங்க? எனக்குத்தானே தொழுகையில்ல" என்றாள் மெதுவாக. "பையை நான் பார்த்துக்கிறன்."

சுல்பா குனிந்து தன் பையைத் திறந்தாள். பிறகு பேட் ஒன்றை எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போனாள். கழுவி, மாற்றி, கிணற்றடிக்கு வந்து வாளியை இறக்கினாள்.

"என்ன புள்ள, நேத்துத்தானே தொழுகையில்ல எண்டாய்?" கமறியா ராத்தா கேட்டாள். "முடிஞ்சா முழுகணுமே, குளிக்கவுமில்ல, அதுக்குள்ள வுழூ எடுக்கிறாய்?"

இனி ஒளிக்க இடமில்லை. வாளிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது வரல்ல ராத்தா. பொய். எனக்கு மூத்திரம் நிக்கிறதில்ல. மணக்கும் எண்டு பயந்து பக்கத்தில நிக்காம இருந்தன்."

சுல்பா வுழூ எடுத்துக்கொண்டு போய்ப் பாயின் ஓரத்தில், இரண்டு சாண் தள்ளி நின்றாள். கமறியா ராத்தா காலை அகட்டி நகர்ந்து வந்து அவளோடு ஒட்டி நின்றாள். டீச்சர் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

ஸுஜூதில் சொட்டியது. சுல்பா தலையைத் தூக்கவில்லை.

தொழுது முடித்து மற்றவர்கள் எழும்பினார்கள். விட்ட ஐந்து நேரத்தையும் சுல்பா ஒவ்வொன்றாகத் தொழுதாள். வெயிலில் யாருக்காகவும் ஒரு நிமிடம் நிற்காத டீச்சர், தென்னையடியில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது சுல்பாவின் பையைக் காணவில்லை. அது கமறியா ராத்தாவின் முதுகில் இருந்தது. அவளுடைய இலேசான பை மணலில் கிடந்தது.

"ராத்தா, தாங்க! அதுக்குள்ள..." சுல்பா ஓடிப்போய்ப் பட்டியைப் பிடித்தாள். முகம் தீயாய் எரிந்தது.

"தெரியும்" என்றாள் கமறியா ராத்தா. "என்ட பையை எடு. நேரமாச்சு."

டீச்சர் தான் போட்ட சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் நடக்கத் தொடங்கினார். சுல்பா ராத்தாவின் பையை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். முன்னே ஆடிக்கொண்டு போகும் தன் பையை ஏறிட்டுப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பார்த்துக்கொண்டே நடந்தாள்.