அண்ணாந்து பார்க்காதவர்கள்

கிரேன் ஓட்டுவதற்கான தேர்வைப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் எழுதினார்கள். அவள் தேறிவிட்டாள். அவன் தேறவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

இரும்புக் குழாய் செய்யும் அந்தப் பட்டறையில் அவன் பதினோரு வருட ஃபிட்டர். அவள் ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பவள். தேர்வுக்கு அவளைப் பேர் கொடுக்கச் சொன்னதே அவன்தான். "நீயும் சும்மா எழுது. துணைக்கு ஆள் இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றான்.

முடிவு வந்த அன்று டீ இடைவேளையில் ஒருவன், "இனிமே உன் பொண்டாட்டி உன் தலைக்கு மேலதான்டா. மழை வந்தா குடையே வேணாம்" என்றான். பட்டறையே சிரித்தது. அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

வீட்டுக்கு வந்தும் அவன் சட்டையை மாற்றவில்லை. அவள் இரும்பு அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"எந்தக் கையால லீவரப் பிடிப்ப?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து வலக்கையை நீட்டிக் காட்டினாள். அந்தக் கையைப் பிடித்து அலமாரி இடுக்கில் வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினான்.

மூன்று விரல்கள் முறிந்தன. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்ட நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

"கதவு சாத்திக்கிச்சு."

"தானாவா?"

நர்ஸ் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இவளுக்குத் தான் சொன்ன பொய் தன் காதிலேயே கிடந்து உறுத்தியது. இதற்கு முன் கன்னம் வீங்கியபோது பல்வலி என்றிருக்கிறாள், உதடு கிழிந்தபோது படியில் விழுந்தேன் என்றிருக்கிறாள்.

"இல்ல. என் வீட்டுக்காரர் சாத்தினார்" என்றாள்.

சொல்லிவிட்டதால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

மறுநாள் அண்ணன் வந்தான், கூடவே அண்ணியும்.

"விரல் ஒட்டிக்கும். குடும்பம் உடைஞ்சா ஒட்டுமா?" என்றான் அண்ணன். "அவன்தான் கோவத்துல ஏதோ பண்ணிட்டான். நீயாவது கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாம்ல? ஸ்டோர் வேலைக்கு என்ன குறைச்சல்?"

"என் கையக் கொஞ்சம் பாரு அண்ணா."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "கேஸ வாபஸ் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் எங்க வாசப்படி மிதிக்காத."

அண்ணி கைப்பையின் வாரை முறுக்கியபடியே நின்றாள்.

அவள் மூன்றாம் மாடியில் ஓர் அறை பார்த்துக் குடிபோனாள். இடக்கையால் சாப்பிடவும் பாட்டிலை முழங்காலிடுக்கில் வைத்து மூடி திறக்கவும் பழகினாள். ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாது என்பதால் முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டாள். பக்கத்து அறை அழைப்புமணி அடித்தால்கூட, வந்தது அவன்தானோ என்று எழுந்து நின்றாள். பிறகு அதுவும் பழகிப்போயிற்று. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம்வரை வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்காது. குரல் இருக்கிறதா என்று பார்க்கத் தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

கட்டுப் பிரித்து, கை தேறிவிட்டதென்று டாக்டர் சான்று கொடுத்த பிறகு வேலைக்குப் போனாள். மோதிர விரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. ஏணியைப் பிடித்து மெல்ல ஏறி, பட்டறைக் கூரையடியில் இருந்த கிரேன் கேபினில் உட்கார்ந்தாள். கீழிருந்து ஒருவர் கைச்சைகை காட்டினால்தான் கொக்கியை இறக்க வேண்டும் என்பது விதி. சைகை காட்டும் நெட்டையன் அவள் புருஷனின் கூட்டாளி. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஷூ லேஸைக் கட்டினான். கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"பொட்டக்கோழி கூவியா பொழுது விடியப்போகுது?" என்றது ஒரு குரல், அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே.

ஃபோர்மேன் கத்தினார். "என்னம்மா, தூக்கலையா?"

"சைகை வரல சார்!"

"நான் காட்டினேன், அவதான் பாக்கல" என்றான் நெட்டையன், வாய் கூசாமல்.

"நீ இறங்கிடும்மா. எதுக்கு வம்பு?"

"ஷிஃப்ட் முடியட்டும் சார், இறங்கறேன்."

ஷிஃப்ட் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. நாற்பது ஆண்கள் கீழே நடமாடினார்கள். ஒரு தலைகூட நிமிரவில்லை. மடங்காத விரலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றாமல் இல்லை. போனால் எங்கே போவது என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் குழாய்கள் மலையாகக் குவிந்து, மேலிடத்திலிருந்து ஃபோர்மேனுக்கு ஏச்சு வந்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தாமே சைகை காட்ட வந்தார். பாவம், ஈ ஓட்டுவது போலிருந்தது. அவள் புரிந்துகொண்டாள். மூன்று டன் குழாய்க்கட்டு தரையை விட்டு எழுந்தது, ஆடாமல் நகர்ந்தது, வண்டியில் உட்கார்ந்தது.

"சரியாத்தான் வச்சிருக்கா" என்றார் ஃபோர்மேன், குறை சொல்வதைப் போல.

தன் இடம் பறிபோய்விடுமோ என்று மதியத்திற்குமேல் நெட்டையன் தானாகவே வந்து நின்றான். சைகைகள் சரியாக வந்தன. கண் மட்டும் கொக்கியைத் தாண்டி மேலே வரவில்லை.

அன்று சாயங்காலம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அண்ணன் வீட்டு எண்ணை அழுத்தினாள். அண்ணிதான் எடுத்தாள்.

"அண்ணி, நான் இன்னைக்கு மூணு டன் தூக்கினேன்."

"பயமா இல்லையா?" என்று அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இருந்துச்சு."

"கை வலிக்குதா?"

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அண்ணன் குரல். "யாரு போன்ல?"

"ராங் நம்பர்" என்றாள் அண்ணி. இணைப்பு அறுந்தது.

அவள் போனைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, எண்ணெய்க் கறை படிந்த சீருடையை வாளியில் நனைத்துத் துவைத்தாள். ஓர் ஆள் துணிதானே, சீக்கிரம் முடிந்துவிட்டது.