மேட்ரனின் தங்கை

“கதவைச் சாத்திரவா மாமி?” என்றாள் சுலைகா. சாருலதா வெந்நீர் வாளியைக் கட்டிலுக்கு அருகே நகர்த்தினாள்.

கட்டிலில் அக்கா வாலாம்பாள். காலையில் மூச்சு நின்றது. உறவில் முதல் நர்ஸ். பம்பாயில் பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரன். பிறகு தாராவிப் பெண்களுக்கென்று நர்சிங் பள்ளி தொடங்கியவள். சாருலதா புக்ககத்தில் சொன்னதோ, “அக்கா ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருக்கா.” நாற்பத்தைந்து வருஷம் அதிலேயே ஓடிவிட்டது.

இன்று மாட்டுங்கா வீட்டுக் கூடம் கொள்ளாமல் நர்சுகள். “ஏண்டி சாரு, ஆபீஸ்ல இருந்தவாளுக்கா இத்தனை நர்ஸ்?” என்று ஓர்ப்படி எல்லார் காதிலும் விழக் கேட்டாள். வெந்நீரைச் சாக்கு வைத்துத்தான் சாருலதா இந்த அறைக்குள் வந்தாள்.

சுலைகாவும் அந்தப் பள்ளியில் படித்து, நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள்.

“நீங்கதான சாரு? மொத நாள் கிளாஸ்ல உங்க பேருதான் வரும்.”

“என் பேரா?”

“‘எனக்கு மொத டீச்சர் என் தங்கை. வார்டுலேர்ந்து போனா, குளிக்காம ஒரு டம்ளரைத் தொட விடமாட்டா. நீங்களும் கை அலம்பாம பேஷன்ட்டைத் தொடாதீங்கோ’ம்பாவ. உங்க வீட்டுப் பேச்சு அப்படியே வரும்.” சுலைகா சிரித்தாள். “இருவது பேட்ச், மாமி. உங்க பேரைச் சொல்லித்தான் கை கழுவுனோம்.”

கிருமியைப் பற்றி அன்று யார் நினைத்தார்கள்? கண்டவர் மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளிவிட்டு வருகிறாளே என்ற அருவருப்பில்தான் குளிக்கச் சொன்னாள். அக்கா குளித்து, ஈரத் தலையோடு சாருலதாவின் கைக்குழந்தை கேஷவைத் தூக்க ஆசையாக வருவாள். அதற்குள் குழந்தையைத் தூங்கப் போட்டிருப்பாள் சாருலதா. தூக்கம் வராவிட்டாலும் தட்டிக்கொண்டே இருப்பாள்.

அதைச் சொல்லிவிட வாயெடுத்தாள். சுலைகா முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தாள். வாளிப் பக்கம் குனிந்தாள்.

“இந்தாங்க, கையை நீங்க துடைங்க,” என்று சுலைகா ஒரு துணியை நீட்டினாள். “ஆனா சொல்லிக்கிட்டே செய்யணும். உசுரு போனாலும் பேஷன்ட் பேஷன்ட்தான், என்ன செய்யப்போறோம்னு சொல்லிட்டுத்தான் தொடணும்னு மேட்ரன் சொல்லுவாவ.”

சாருலதா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள். அதில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

சுலைகா காத்திருந்தாள்.

“அக்கா... கையைத் தொடறேன்.”

மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நகங்களெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தன.